பவுண்ட் 100-லிருந்து 87: பிரெக்ஸிட் ஓட்டு திருப்பூருக்கு எழுதின கணக்கு

போன வாரம் பெருமாநல்லூர் பக்கத்திலிருந்து ஒரு பனியன் கம்பெனி ஓனர் ஆபீசுக்கு வந்திருந்தார். இத்தனை வருஷமும் அமெரிக்கா ஆர்டர்தான். 2025 ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு, பாதி மெஷின் சும்மா நின்னுது. அலைஞ்சு திரிஞ்சு பிரிட்டனில் ஒரு பையர் பிடிச்சிருக்கார். பையர் பவுண்ட்ல விலை கேட்கிறான். இவர் கையில் முதல் பவுண்ட் ஆர்டர்.

"ஏனுங்க ஆடிட்டர், பவுண்ட்லயே பில் போட்டுக்கலாமுங்களா, இல்ல டாலர்லயே கேட்கட்டுங்களா?"

ரெண்டு நிமிஷத்தில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனா நான் அவருக்கு 2016 ஜூன் மாசக் கதையைச் சொல்ல ஆரம்பிச்சு, ரெண்டு டீ முடிஞ்சுது. அதைத்தான் இங்கேயும் எழுதுறேன். 2025 ஜூலை 24-ல் இந்தியா – பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதுக்கு அப்புறம் திருப்பூரில் நிறைய பேர் முதல் தடவையா பவுண்ட் பக்கம் திரும்புறாங்க. அதனால இந்தக் கணக்கு இப்போ நிறைய பேருக்குத் தேவைப்படும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை

2016 ஜூன் 23, வியாழக்கிழமை. ஐரோப்பிய யூனியனில் இருக்கலாமா, வெளியே போகலாமான்னு பிரிட்டன் மக்கள் ஓட்டுப் போட்டாங்க. ஓட்டுப்பதிவு அங்கே ராத்திரி 10 மணிக்கு முடியும்போது நமக்கு விடியக்காலை 2.30. அந்த நேரத்தில் ஒரு பவுண்ட் 1.50 டாலர் வரைக்கும் ஏறியிருந்தது. ஏன்னா எல்லாருமே "இருக்கலாம்" கட்சிதான் ஜெயிக்கும்னு நம்பினாங்க. பந்தயச் சந்தையில் 80 சதவீதத்துக்கு மேல் அப்படித்தான் வாய்ப்பு காட்டுச்சு. வெளியேறணும்னு ஊர் ஊரா போய்ப் பேசின நைஜல் ஃபராஜே, ஓட்டுப்பதிவு முடிஞ்சதும், எதிர்த்தரப்பு கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயிச்சிரும் போலிருக்குன்னு சொல்லிட்டார்.

நம்ம நேரம் ஐந்து மணிக்குள் சண்டர்லேண்ட் முடிவு வந்தது. 61 சதவீதம் பேர் வெளியேறணும்னு போட்டிருந்தாங்க. பவுண்ட் அங்கேயே சரிய ஆரம்பிச்சுது. காலை 9.10-க்கு, "பிரிட்டன் வெளியேறுது"ன்னு பிபிசி அறிவிச்சுது. நம்ம பங்குச்சந்தை திறக்கிறது 9.15. ஐந்து நிமிஷ இடைவெளி.

முடிவு 51.9-க்கு 48.1. பவுண்ட் 1.32 டாலர் வரைக்கும் விழுந்தது. 1985-க்கு அப்புறம் அவ்வளவு கீழே போனதில்லை. சென்செக்ஸ் நடுவில் ஆயிரம் புள்ளிக்கு மேல் இறங்கி, கடைசியில் 605 புள்ளி நஷ்டத்தில் முடிஞ்சுது. ஜாகுவார் லேண்ட் ரோவரைக் கையில் வச்சிருந்த டாடா மோட்டார்ஸ் ஒரே நாளில் 8 சதவீதத்தை ஒட்டி விழுந்தது. தங்கம் ஏறிச்சு. பிரதமர் டேவிட் கேமரன் அன்னைக்கே ராஜினாமா அறிவிச்சார்.

நம்ம ஊர் கணக்குக்கு வேண்டிய எண் ஒண்ணுதான். முதல் நாள் 100 ரூபாயை ஒட்டி இருந்த பவுண்ட், வெள்ளிக்கிழமை 92, 93-க்கு வந்துருச்சு. ஜூலையில் 87. அக்டோபரில் 82.

எனக்கு அப்போ சிஏ முடிச்சு ரெண்டு வருஷம்கூட ஆகலை. அவிநாசி ரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. எங்க கிளையன்ட் ஒருத்தர், அண்ணன்னு சொல்றேன், பேர் வேண்டாம். குழந்தைகள் டி-ஷர்ட், லெக்கிங்ஸ்னு முழுக்க பிரிட்டனுக்கு அனுப்புறவர். அந்தக் காலையில் ஒன்பதரைக்கு அவர் போன்.

"தம்பி, டிவியில போடறது நெசமுங்களா?"

நெசம்தான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னாடி நிட்டிங் மெஷின் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அவர் கணக்கு

அவருடைய ஒரு ஆர்டரை மட்டும் எடுத்துக்குவோம். புரியறதுக்காக எண்களை முழுசாக்கியிருக்கேன்.

60,000 பீஸ், பீஸுக்கு 2.50 பவுண்ட். மொத்தம் 1,50,000 பவுண்ட். ஏப்ரலில் காஸ்டிங் போடும்போது பவுண்ட் 96-னு வச்சு, 1 கோடியே 44 லட்சம் வரும்னு கணக்கு. நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், தையல், பேக்கிங், துறைமுகம் வரைக்கும் சேர்த்து செலவு 1 கோடியே 35 லட்சம். டிராபேக் தனி. லாபம் 9 லட்சம், அதாவது 6 சதவீதம் சொச்சம். திருப்பூர்ல இது நல்ல ஆர்டர்.

ஜூன் மூணாவது வாரம் பவுண்ட் 100 தொட்டுச்சு. உட்கார்ந்த இடத்தில் லாபம் 15 லட்சமாச்சு. ஆகஸ்ட் கடைசியில்தான் பணம் வரும். அந்த வாரம் நான் அவர் ஆபீசுக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வேலையா போயிருந்தேன். "அண்ணா, பாதிக்காவது பார்வர்ட் போட்டு வச்சிடலாமே"ன்னு சொன்னேன்.

அவர் சிரிச்சார். "பையரோட ஏஜென்ட் லண்டன்லயே இருக்கறான் தம்பி. அவனே சொல்றான், போக மாட்டாங்கன்னு. ரிசல்ட் வந்தா 104 போகும். இப்ப வித்துட்டு அப்ப வயித்தெரிச்சல் படோணுமா?"

நான் மறுபடி அழுத்திச் சொல்லலை. சின்னப் பையன், அவர் என்னைவிட இருபது வயசு பெரியவர்ங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு: எனக்கும் அவங்க போக மாட்டாங்கன்னுதான் தோணுச்சு.

ஆகஸ்ட் கடைசியில் பணம் வந்தப்போ பவுண்ட் 87. கைக்கு வந்தது 1 கோடியே 30 லட்சத்து 50 ஆயிரம். செலவு 1.35 கோடி. நாலரை லட்சம் நஷ்டம். ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகலை, ஒரு நாள்கூட ஷிப்மென்ட் லேட் இல்லை. அவர் தப்பே பண்ணாத ஆர்டரில் நஷ்டம்.

பார்வர்ட் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? இங்கதான் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இருக்கு. பார்வர்ட்னா பேங்குக்கு நாம காசு கட்டணும்னு நினைக்கிறாங்க. பார்வர்ட் ரேட் எப்படி வருதுன்னா, ரெண்டு நாட்டு வட்டி வித்தியாசம்தான் அடிப்படை. 2016 ஜூனில் நம்ம ரெப்போ 6.50 சதவீதம், பிரிட்டன் பேங்க் ரேட் 0.50. வருஷத்துக்கு சுமார் 6 சதவீத வித்தியாசம். அப்போ ரெண்டு மாசம் கழிச்சு வரப்போற பவுண்டை இன்னைக்கே விக்கிறவருக்கு, இன்னைய ரேட்டுக்கு மேல் ஏறக்குறைய ஒரு ரூபாய் கூடக் கிடைக்கும். பேங்க் தன்னோட மார்ஜினை எடுத்துக்கும், அது வேற. பவுண்ட் ஸ்பாட் 100-ன்னா, ஆகஸ்ட் கடைசிக்கு பார்வர்ட் 101-ஐ ஒட்டி கிடைச்சிருக்கும்.

முழுசும் போட்டிருந்தா 1 கோடியே 51 லட்சத்து 50 ஆயிரம். லாபம் பதினாறரை லட்சம். போடாததால் நாலரை லட்சம் நஷ்டம். வித்தியாசம் 21 லட்சம்.

முழுசும் போடறது வேண்டாம், பாதி மட்டும்னா? 75,000 பவுண்ட் 101-ல் போனா 75.75 லட்சம். மீதி 75,000 பவுண்ட் 87-ல் 65.25 லட்சம். மொத்தம் 1.41 கோடி. லாபம் 6 லட்சம். பேராசைக்கும் இடம் விட்டு, பயத்துக்கும் இடம் விட்டு, கடைசியில் காஸ்டிங்கில் போட்ட 9 லட்சத்தில் மூணு லட்சம் குறைவு. அவ்வளவுதான். அந்த வருஷம் அந்த அண்ணன் தீபாவளிக்குப் போனஸ் குடுக்க நகை வச்சார். ஆறு லட்சம் லாபம் இருந்திருந்தா அது தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு தப்பும் அவர் பண்ணினார். ஜூலையில் வந்த வேற பில்லுக்கான பவுண்டை மாத்தாம இஇஎஃப்சி கணக்கிலேயே வச்சிருந்தார். "மறுபடி 95 வரட்டும், மாத்திக்கலாம்"னு. அந்தக் கணக்கில் வந்த பணத்தை அடுத்த மாசக் கடைசிக்குள் ரூபாயாக மாத்தியாகணும்னு ஆர்பிஐ விதி. ஆகஸ்ட் 31-ல் வேற வழியில்லாம 87-க்கு மாத்தினார். தலையில் 100-ங்கிற எண் உட்கார்ந்துட்டா அதை இறக்கி வைக்கிறது கஷ்டம். பவுண்ட் மறுபடி நிலையா 100-ஐப் பார்க்க கிட்டத்தட்ட நாலரை வருஷம் ஆச்சு.

ஏன் பார்வர்ட்னாலே பயம்?

அந்த அண்ணன் ஏமாளி இல்லை. அவர் குடும்பத்துக்கு 2008-ல் ஒரு சூடு விழுந்திருக்கு. திருப்பூரில் நாற்பது வயசுக்கு மேல் இருக்கிற எக்ஸ்போர்ட்டர் யார்கிட்டயும் "டெரிவேட்டிவ்"னு சொல்லிப் பாருங்க, முகம் மாறும்.

2007-ல் டாலர் 44-லிருந்து 39-க்கு இறங்கினப்போ, இங்கே எல்லாருக்கும் கை நடுங்குச்சு. அப்போ சில பேங்குகள் "ஒரு பைசா செலவில்லாத பாதுகாப்பு"ன்னு சொல்லி சிக்கலான ஒப்பந்தங்களை வித்தாங்க. ஜட்டி, பனியன் தைச்சு அமெரிக்காவுக்கு அனுப்புறவருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் என்ன சம்பந்தம்? ஆனா டாலரும் பிராங்கும் எங்கே போகுதுங்கிறதை வச்சு ஒப்பந்தம். 2008-ல் அது எதிர்ப்பக்கம் போனப்போ, ஒரு வருஷ லாபத்தைவிடப் பெரிய நஷ்டம் காட்டி டிமாண்ட் நோட்டீஸ் வந்தது. திருப்பூர், கோவை, கரூர், லூதியானான்னு பல ஊர்ல கேஸ் நடந்தது. கடைசியில் 2011 ஏப்ரலில் ஆர்பிஐ, டெரிவேட்டிவ் விதிகளை மீறினதுக்காக 19 பேங்குகளுக்கு அபராதம் போட்டுச்சு. அபராதம் ஒவ்வொரு பேங்குக்கும் 5 முதல் 15 லட்சம்தான். இங்கே சொத்தை வித்தவங்க கணக்கோட அதை ஒப்பிட்டா என்ன சொல்றதுன்னு தெரியலை.

அந்த அண்ணனோட மாமனார் அப்படிக் கையெழுத்துப் போட்டவர். அதுக்கப்புறம் அந்த வீட்டில் பேங்க் ட்ரெஷரி டெஸ்க்கிலிருந்து போன் வந்தாலே எடுக்கிறதில்லை.

சாதாரண பார்வர்ட் அது இல்லை. இதை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறதுன்னு கேட்டா, நான் சொல்ற ஒரே சோதனை இதுதான். பேங்க் நீட்டுற பேப்பரைப் படிங்க. உங்களுக்கு வரவேண்டியது 1 லட்சம் பவுண்ட்னா, ரேட் எங்கே போனாலும் நீங்க குடுக்க வேண்டியது அதே 1 லட்சம் பவுண்ட்தானா? ரேட் குறிப்பிட்ட அளவைத் தாண்டினா ரெண்டு மடங்கு குடுக்கணும்னு எங்கேயாவது இருக்கா? நீங்க பில் போடாத ஒரு கரன்சி பேர் அதில் இருக்கா? இருந்தா, கையெழுத்துப் போடாம எழுந்து வந்துடுங்க. காபி குடுத்தா குடிச்சுட்டு வாங்க.

அங்கே என்ன நடந்தது, இங்கே என்ன பேசினாங்க

அந்த ஓட்டு பிரிட்டனையே ரெண்டாப் பிரிச்சுப் போட்டுச்சு. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் இருக்கணும்னாங்க. லண்டனும் அப்படித்தான். இங்கிலாந்தோட தொழிற்சாலை ஊர்கள், கடலோர ஊர்கள் போகணும்னு போட்டது. பொதுவா இளசுங்க ஒரு பக்கம், பெரியவங்க ஒரு பக்கம். ஒரே வீட்டுக்குள் பேச்சு நின்னுபோன கதையெல்லாம் உண்டு. மறுபடி ஓட்டெடுப்பு வேணும்னு 40 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டாங்க. நடக்கலை.

நம்மாளுங்களுக்கு இதில் ஒரு வேடிக்கையான பங்கு இருக்கு. பிரிட்டனில் குடியிருக்கிற காமன்வெல்த் நாட்டுக்காரங்களுக்கு அந்த ஓட்டெடுப்பில் ஓட்டு உண்டு. அதாவது, போன வருஷம் படிக்கப் போன திருப்பூர்ப் பையன் இந்திய பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டே ஓட்டுப் போடலாம். பதினஞ்சு வருஷமா அங்கே வரி கட்டுற போலந்துக்காரருக்கு ஓட்டு இல்லை. கறி ரெஸ்டாரண்ட் நடத்துறவங்ககிட்ட, ஐரோப்பாக்காரங்க வரவு குறைஞ்சா நம்ம பக்கத்துச் சமையல்காரங்களைக் கூட்டிட்டு வரலாம்னு சொல்லி ஓட்டுக் கேட்டாங்க. பிரீத்தி படேல் அந்தப் பிரசாரத்தில் முன்னால் நின்னவர்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிற என் சித்தி பையன் அந்த வாரம் ஊருக்குப் பணம் அனுப்பினான். ஆயிரம் பவுண்டுக்கு முந்தின மாசம் தொண்ணூத்தேழாயிரம் வந்த இடத்தில், அடுத்த மாசம் எண்பத்தெட்டாயிரம்தான். இங்கே வீட்டுக் கடன் இஎம்ஐ மட்டும் அதே தொகை.

இங்கே திருப்பூரில் என்ன பேசினாங்கன்னா, அது ஆளுக்கு ஆள் மாறுச்சு. அதே வெள்ளிக்கிழமை டாலர் 67.25-லிருந்து 67.96-க்கு ஏறிச்சு. அமெரிக்காவுக்கு அனுப்புறவர் பீஸுக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்குதுன்னு சந்தோஷப்பட்டார். பக்கத்து காம்பவுண்டில் பிரிட்டனுக்கு அனுப்புறவர் தலையில் கை வச்சு உட்கார்ந்திருந்தார். பையனை மாஸ்டர்ஸ் படிக்க பிரிட்டன் அனுப்பத் தயாரா இருந்த ஒரு நூல் ஏஜென்ட், 14,000 பவுண்ட் ஃபீஸ் கட்டணும். 100-ல் அது 14 லட்சம், 82-ல் 11 லட்சத்து 48 ஆயிரம். அவர் லேட்டா கட்டினதால் ரெண்டரை லட்சம் மிச்சம். எங்க ஆபீசில் வந்து எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் குடுத்தார். ஒரே ஓட்டு, ஒரே ரோடு, யார் எந்தக் கரன்சியில் வாங்க வேண்டியிருக்கு, குடுக்க வேண்டியிருக்குங்கிறதைப் பொறுத்து ஒருத்தருக்கு நகை அடகு, ஒருத்தருக்கு பப்ஸ்.

இன்னொரு பேச்சும் அன்னைக்கே டீக்கடையில் ஓடுச்சு. "பிரிட்டன் தனியா வந்தா நம்மகூட சீக்கிரமா ஒப்பந்தம் போட்டிருவான்." யூனியனுக்குள் இருக்கிற நாடு தனியா வர்த்தக ஒப்பந்தம் போட முடியாது, அதனால் இந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. இந்தியாவும் ஐரோப்பிய யூனியனும் 2007-ல் ஆரம்பிச்ச பேச்சு 2013-ல் நின்னு, 2022-ல்தான் மறுபடி தொடங்குச்சு. பிரிட்டன் தனியா வந்ததால்தான் அதுகூடத் தனி ஒப்பந்தம் சாத்தியமாச்சு. ஆனா "சீக்கிரமா" மட்டும் நடக்கலை. 2016 ஜூனில் ஓட்டு, 2020 ஜனவரி 31-ல்தான் வெளியேறினாங்க, 2025 ஜூலையில் கையெழுத்து. ஒன்பது வருஷம். அன்னைக்கு டீக்கடையில் சொன்னவர் சரியாத்தான் சொன்னார். ஆனா அவர் கம்பெனி 2018-ல் மூடிருச்சு.

பங்கு, எஸ்ஐபி பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரே பத்தி: அந்த வெள்ளிக்கிழமை சென்செக்ஸ் 27,002-லிருந்து 26,398-க்கு வந்தது. ஜூலை 1-ல் பழைய அளவைத் தாண்டிருச்சு. ஒரு வாரம். லண்டனோட எஃப்டிஎஸ்இ 100-ம் அதே வாரத்தில் பழைய இடத்தைத் தாண்டிருச்சு, ஏன்னா அதில் இருக்கிற பெரிய கம்பெனிகளுக்கு வருமானம் பெரும்பாலும் வெளிநாட்டில். பயந்து எஸ்ஐபியை நிறுத்தினவங்க, மறுபடி ஆரம்பிக்க ஆறு மாசம் யோசிச்சாங்க. ஆனா பிரிட்டனில் கட்டடங்களில் முதலீடு பண்ற சில பெரிய ஃபண்டுகள் ஜூலையில் பணம் எடுக்கிறதையே நிறுத்தி வச்சது. ஃபண்ட் உள்ளே இருக்கிறது கட்டடம். அதை ஒரே நாளில் வித்துக் குடுக்க முடியாது. இதைப் பத்தித் தனியா வீடியோ போட்டிருக்கேன், பார்த்துக்கோங்க.

டாலரில் பில் போட்டவங்க தப்பிச்சாங்களா?

இப்போ பெருமாநல்லூர்க்காரர் கேட்ட கேள்விக்கு வர்றேன். "டாலர்லயே போட்டா பவுண்ட் தலைவலி இல்லைதானே?"

2016-ல் பிரிட்டனுக்கே டாலரில் பில் போட்டவங்க இங்கே நிறைய பேர். முதல் மாசம் அவங்க நிம்மதியாத்தான் இருந்தாங்க. கணக்கைப் பையர் பக்கம் நின்னு பாருங்க. 3 டாலர் டி-ஷர்ட், பவுண்ட் 1.48 டாலரா இருந்தப்போ அவனுக்கு 2.03 பவுண்ட். பவுண்ட் 1.30 ஆனப்போ அதே டி-ஷர்ட் 2.31 பவுண்ட். 14 சதவீதம் ஏத்தம். கடையில் அவன் விலைச்சீட்டை மாத்த முடியாது. அப்போ என்ன பண்ணுவான்? மெர்ச்சண்டைசருக்கு மெயில் வரும். எங்க கிளையன்ட் ஒருத்தருக்கு வந்தது: ஏற்கெனவே ஒத்துக்கிட்ட ஆர்டருக்கு 5 சதவீதம் குறைங்க, அடுத்த சீசனுக்குப் புது விலை பேசலாம். இன்னொருத்தருக்கு ஆர்டர் அளவையே குறைச்சுட்டாங்க. வங்கதேசத்துச் சரக்குக்கு அப்போ அங்கே வரியில்லை, நம்ம சரக்குக்கு வரி இருந்தது, அதனால் பேரம் பேச நமக்கு இடமும் இல்லை.

அதனால் டாலரில் பில் போட்டா ஆபத்து போயிடாது, லேட்டா வரும். பவுண்ட் பில்லில் அடி உங்க பேங்க் கணக்கில் விழும், அதுக்குப் பார்வர்ட் இருக்கு. டாலர் பில்லில் அடி அடுத்த சீசன் பேரத்தில் விழும், அதுக்கு எந்த பேங்கும் மருந்து குடுக்காது. பையர் பவுண்ட் கேட்டா, என் அபிப்பிராயம், குடுங்க. விலையை நல்லா வாங்கிட்டு, பவுண்டை நீங்க பார்த்துக்கோங்க. எல்லா ஆடிட்டரும் இதை ஒத்துக்க மாட்டாங்க.

இப்போ எப்படிப் போடணும்

2025-ல் அமெரிக்க வரிக்கு அப்புறம் பவுண்ட் 118-ஐ ஒட்டி இருந்தது. ஆனா 2016 மாதிரி பார்வர்டில் கூடுதல் காசு கிடைக்கும்னு எதிர்பார்க்காதீங்க. அப்போ நம்ம ரெப்போ 5.50, பிரிட்டன் 4. வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான். மூணு மாசத்துக்குக் கணக்குப் போட்டா 44 பைசா சொச்சம், அதிலும் பேங்க் மார்ஜின் போகும். கிட்டத்தட்ட இன்னைய ரேட்டையே பூட்டி வைக்கிறீங்கன்னு நினைச்சுக்கோங்க. அதுவே போதும்.

எப்போ போடறதுங்கிறதுதான் முக்கியம். ரேட்டைப் பார்த்துப் போடாதீங்க, ஆர்டரைப் பார்த்துப் போடுங்க. பையர் பிஓ கன்ஃபர்ம் பண்ணின அன்னைக்கே, காஸ்டிங் ஷீட்டில் எந்த ரேட் போட்டீங்களோ அதையும், அன்னைய பார்வர்ட் ரேட்டையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க. காஸ்டிங் ரேட்டுக்குக் குறையாம பார்வர்ட் கிடைச்சா குறைஞ்சது பாதிக்குப் போட்டுடுங்க. உங்க லாபம் எவ்வளவு மெலிசோ, அவ்வளவு அதிகமாப் போடணும். 6 சதவீத லாபத்தில் ஓடுற ஆர்டருக்கு 8 சதவீதம் ஆடுற கரன்சியைத் திறந்து விடறது, வாட்ச்மேன் இல்லாத குடோன் மாதிரி.

முழு நூறு சதவீதம் ஏன் வேண்டாம்? சாயப்பட்டறையில் ஷேட் தப்பிப் போகலாம், ஷிப்மென்ட் தள்ளிப் போகலாம், பையர் கடையையே மூடலாம். 2016-ல் பிஎச்எஸ்-ங்கிற பழைய பெரிய கடை ஆகஸ்டோட மொத்தமா மூடுச்சு. பணம் வராம பார்வர்ட் மட்டும் நின்னா, அதை ரத்து பண்ணணும். நீங்க 118-க்குப் போட்டது, அன்னைக்கு பவுண்ட் 122-ன்னா, நாலு ரூபாய் வித்தியாசத்தை நீங்க கையிலிருந்து கட்டணும். 50,000 பவுண்டுக்கு ரெண்டு லட்சம். கன்ஃபர்ம் ஆகாத ஆர்டருக்குப் பார்வர்ட் போடறதும் இதே ஆபத்துதான். அது சூதாட்டக் கணக்கில் சேரும். தேதியை ஒரே நாளா குறிக்காம, ஒரு மாச இடைவெளிக்குள் எப்போ வேணா குடுக்கலாம்ங்கிற மாதிரி கேளுங்க. ரேட் துளி குறையும். நம்ம ஊர் ஷிப்மென்ட் நிலவரத்துக்கு அது பரவாயில்லை.

பேக்கிங் கிரெடிட்டை பவுண்டிலேயே வாங்குறது இன்னொரு வழி. 1 லட்சம் பவுண்ட் கடன் வாங்கி இன்னைக்கே 118-க்கு ரூபாயாக்கி நூல் வாங்கிட்டீங்க. மூணு மாசத்தில் பையர் அனுப்புற பவுண்ட் நேரா கடனுக்குப் போகுது. நடுவில் பவுண்ட் எங்கே போனாலும் உங்களுக்கு 118 கிடைச்சாச்சு. 2016-ல் அந்த அண்ணன் இதையும் பண்ணலை. ரூபாய்க் கடனுக்கு அரசு 3 சதவீத வட்டி சலுகை குடுத்துக்கிட்டிருந்தது, அதை விட மனசில்லை. அந்தச் சலுகையில் அவர் மிச்சம் பிடிச்சது ஒரு லட்சத்துக்குக் கீழே.

சின்ன கம்பெனிகளுக்குப் பேங்க் பார்வர்ட் லிமிட் குடுக்கத் தயங்கும். மார்ஜின் பணம் கேட்கும். ரெண்டு பேங்கில் ரேட் கேட்டு, ஸ்பாட் எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு, உங்க மார்ஜின் எவ்வளவுன்னு மூணையும் தனித்தனியா எழுதி வாங்குங்க. மொத்தமா ஒரே ரேட் சொன்னா ஒத்துக்காதீங்க. நூல் வாங்கும்போது கிலோவுக்கு ரெண்டு ரூபாய்க்கு நாலு மில்லுக்குப் போன் போடறோம். பவுண்டுக்கு முப்பது பைசா அதிகமா எடுத்தா கேட்க மாட்டேங்கிறோம்.

ஒப்பந்தம் பத்தி ஒரு எச்சரிக்கை. 12 சதவீதம் வரைக்கும் இருந்த ஆடை வரி பூஜ்யமாகும்ங்கிறது சரி. ஆனா கையெழுத்து வேற, அமல் வேற. உங்க ஷிப்மென்ட் அங்கே இறங்குற தேதியில் அமலில் இருந்தால்தான் சலுகை. அமலுக்கு முன்னாடியே வரி போயிருச்சுன்னு நினைச்சு பையர் விலையைக் குறைக்கச் சொன்னா, அமல் தேதிக்கு முன், பின்னு ரெண்டு விலையா பிஓவில் எழுதி வாங்கிக்கோங்க.

2016 அண்ணன் இன்னும் எங்க கிளையன்ட்தான், நல்லா இருக்கார். இப்போ பிஓ வந்த அன்னைக்கே அவர் மக எனக்கு வாட்ஸ்அப் பண்ணிடும், அந்தப் பாப்பாதான் இப்போ அக்கவுண்ட்ஸ் பார்க்குது. போன மாசம் 80,000 பவுண்ட் ஆர்டருக்கு அன்னைக்கே பாதிக்குப் பார்வர்ட் போட்டாச்சு. மீதி பாதியையும் போட்டுடலாமான்னு கேட்கப் போன் பண்ணினேன். அவரே எடுத்தார்.

"அது கெடக்கட்டும் தம்பி, 122 வரும்ங்கறாங்க."